தூக்கத்துக்கு மார்க் போட்ட வாட்ச்

மாத்தளைக்கு அடுத்த இரத்தோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிறவர்களில் நோய் நொடி இல்லாத ஒரே ஆள் நான்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. மாத்திரை என்று ஒன்றை நாக்கில் வைத்ததில்லை.

இது பொய். இன்று காலையில்தான் இரண்டு மாத்திரை விழுங்கினேன். ஒன்று பிரஷருக்கு. மற்றது எதற்கென்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார், நான் விளக்கமாகத் தலையாட்டினேன், இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தோம். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. போன வருஷம் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

அது ஒரு கல்யாண வீட்டில் நடந்தது. ஆட்டிறைச்சிக் குழம்பை நான் கொஞ்சம் நம்பிவிட்டேன். சாயந்தரம் நெஞ்சை அடைத்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் வயர் எல்லாம் ஒட்டி, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "காஸ், வெறும் வாயு" என்றார் டாக்டர். வெள்ளையாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். நான் விட்ட ஏப்பத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிரஷர் கொஞ்சம் இருக்கிறது, மாத்திரை போடு, உப்பைக் குறை, நட என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை, ஏனென்றால் எனக்கு ஒரே மகள். அவள் வளைகுடாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். வீடியோவில் என்னைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"காஸ்தான் பாப்பா. ஒங்கப்பன் சாப்பாட்டுல பண்ணின அட்டகாசம்."

"இங்கயும் எல்லாரும் அப்பிடித்தாம்ப்பா சொல்லிக்கிட்டு வர்றாங்க. காஸ், காஸ்னு. பொறவு அவங்க படுத்திருந்த கட்டில நான்தான் தொடைக்கிறேன்."

அடுத்த மாதம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு லீவில் வந்த ஒருவர் கையில் ஒரு பொதி வந்தது. சாக்லேட், தைலப் போத்தல், ஒரு கறுப்பு வாட்ச்.

வாட்ச் நேரம் காட்டும் என்று நினைத்தேன். நேரமும் காட்டியது, சும்மா ஒரு மரியாதைக்கு. மற்றபடி அதன் வேலையே வேறு. எனக்கு இங்கிலீசு வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அதனால் என் பக்கத்தில் ஆட்டோ போடுகிற கூட்டாளிதான் அதை என் போனோடு சேர்த்து, மகளோடு பேசிப் பேசி எல்லாவற்றையும் முடுக்கிவிட்டான். அவன் ஓரளவு படித்தவன். தோட்டத்தில் சாவு, திருவிழா என்றால் தப்பு மேளம் அடிக்கிறவனும் அவன்தான்.

"மச்சான், இது ஒன் நெஞ்சு துடிக்கிறத எண்ணும். நடக்கிறத எண்ணும். படுத்தா தூக்கத்துக்கு மார்க் போடும். எல்லாம் அப்பிடியே மகளோட போனுக்குப் போயிரும்."

"தூக்கத்துக்கு மார்க்கா? எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் நூற்றுக்குப் பார்த்ததில்லை. பத்துக்குப் பார்த்தார்கள், அதற்கே வாத்தியார் கண் கலங்கினார். தூங்குவதற்கு மார்க் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்தப் பாடத்தில் என்னை யார் வெல்ல முடியும்?

முதல் ஏழு நாள், ஒரு கிழமை, நன்றாகத்தான் போனது. முக்கியமாக நடையில். நான் ஒரு எட்டு நடக்காமலேயே வாட்ச் கையில் நடுங்கிப் பட்டாசு மாதிரிப் படம் காட்டும். மகள் அங்கிருந்து பாராட்டுவாள். "அப்பா, எவ்வளவு நடந்திருக்கீங்க." எனக்கே ஆச்சரியம். எங்கே நடந்தேன்? ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் வாடகைக்கு ஹயர் போகிற நாட்களில்தான் நடை கூடுகிறது என்று கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் ஆனது. ஆட்டோவில் கியரும் கிளட்சும் இடது கையில். வாட்சும் இடது கையில். அந்த மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு கியரைத் திருக வேண்டும். நான் திருகத் திருக அதை நடை என்று எண்ணியிருக்கிறது. சீட்டில் குந்தியபடி, வயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, மலை ஏறி இறங்கிய உத்தமன் நான். இதை நான் மகளிடம் சொல்லவில்லை. நிறைய நடக்கிறோமே என்று மத்தியானத்தில் ஒரு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

கோபம் வருகிற இடம் இனிமேல்தான்.

ஒரு நாள் விடிகிற நேரத்தில், வேலைக்குப் போகும் முன் மகள் கூப்பிட்டாள். "அப்பா, நேத்து நாலு தடவ முழிச்சிருக்கீங்க. என்னா செய்யுது?"

"ஒண்ணுக்குப் போனேன் பாப்பா."

"நாலு தடவையுமா?"

பெற்ற மகளிடம் இதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்த அப்பனுக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கள். மறுநாள் மார்க் இன்னும் குறைந்தது. ஏனென்றால் அன்று படுத்ததும், இன்றைக்கு எழுந்திருக்கக் கூடாது, பிள்ளை பயப்படும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனைப் போலக் கிடந்தேன். புரண்டால் மார்க் போகுமோ? இருமினால்? நெஞ்சு அடிப்பது காதில் கேட்க ஆரம்பித்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு. நான் அதைக் கவனித்ததில்லை, அதுவும் என்னைக் கவனித்ததில்லை. இப்போது இரண்டு பேரும் இருட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என் மனைவி தேயிலைக் கொழுந்தெடுத்துக் களைத்து வந்து படுக்கிறவள். அவளுக்கு இருமல். "கொஞ்சம் மெதுவா இருமேன்" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்?"

"மார்க் கொறையும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நாலு மார்க்குக்காக நான் இருமக் கூடாதா? கட்டின நாள்லேர்ந்து நீங்க விடுற கொறட்டைக்கு எனக்கு யாரு மார்க்கு போட்டா?" தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வாட்ச் வீட்டுக்குள் வந்த பிறகு அவள் உடம்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? வாட்ச் கட்டினவனுக்குத்தான் உடம்பு, மற்றவர்களுக்கெல்லாம் வெறும் கை கால்.

பகலில் நான் சிடுமூஞ்சியானேன். எப்போதும் சிரிக்க வைக்கிறவன் என்றுதான் கிழவிகள்கூட என் ஆட்டோவைத் தேடி வருவார்கள். இப்போது கொட்டாவி விட்டுக்கொண்டு, கையைப் பார்த்துக்கொண்டு, மிச்சக் காசைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாட்ச் கையில் நடுங்கினால் என் நெஞ்சும் நடுங்கும். அந்த நடுக்கத்தை அது திரும்ப எண்ணி, "துடிப்பு கூடிவிட்டது" என்று எனக்கே புகார் கொடுக்கும். கல்லெறிகிறவனே "யாரோ கல்லெறிகிறான்" என்று கத்துகிற மாதிரி.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் சீகிரியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார மாத்தயாவும் அவருடைய மனைவியும் எங்கள் பக்கம் வந்தார்கள். நான்தான் மலைக்குக் கொண்டுபோனேன். இரண்டு பேரும் உச்சி வரைக்கும் நடந்து ஏறிவிட்டு வந்தார்கள். அந்த அம்மாவின் முகம் பூத்துப்போய் இருந்தது. மாத்தயா மட்டும் இழவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி. என்னவென்று கைச்சாடையில் கேட்டேன். வாட்சைக் காட்டினார். பாதி வழியில் சார்ஜ் போய்விட்டதாம். ஏறினது கணக்கில் வரவில்லையாம். ஐயா, நீங்கள் ஏறின மலை பின்னால்தானே நிற்கிறது? அது எங்கே போனது? உங்கள் கால் நோகிறதே, அது கணக்கில்லையா? எனக்கு இங்கிலீசு தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அவரைப் பார்த்துச் சிரித்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கள்ளப் பரீட்சை எழுதினேன்.

என் கூட்டாளி பகலிலேயே ஆட்டோவின் பின் சீட்டில் காலை வெளியே நீட்டிப் போட்டுத் தூங்குவான். பக்கத்தில் பஸ் ஹார்ன் அடித்தாலும் அசைய மாட்டான். அப்படி ஒரு திறமையை வீணாக்கலாமா?

"கொஞ்ச நாளைக்கு நீ கட்டிக்க. மார்க் கூடினா பாப்பாவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

"மகளுக்குத் தெரிஞ்சா?"

"கொறட்டையில பேரு எழுதியா இருக்கு?"

வாட்சும் போனும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக் கூடாது என்று அவனே ஏதோ நோண்டி, வாட்சைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். மகளுக்குப் போவது போய்க்கொண்டுதான் இருந்தது. மறுநாள் விடிய அவள் கூப்பிட்டாள். "அப்பா, ரொம்ப நல்லாத் தூங்கியிருக்கீங்க." நான் அன்றைக்கு உண்மையிலேயே நன்றாகத் தூங்கியிருந்தேன், கையில் ஒன்றும் இல்லாததால். மனைவியும் தலையணையோடு திரும்பி வந்துவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மகளுடைய குரல் மட்டும் மெலிந்துகொண்டே போனது. வீடியோவில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேட்டால் டியூட்டி என்பாள். நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வயதான சாவு. தப்புக்கு என் கூட்டாளியைக் கூப்பிட்டார்கள். என் மனைவி காலையிலேயே சாவு வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பல்லேகமவுக்கு ஒரு ஹயர், முன்னமே ஒப்புக்கொண்டது, போய்விட்டேன். மலையைத் தாண்டினால் அந்த ரோட்டில் பாதி இடத்தில் போன் வேலை செய்யாது.

இங்கே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். அவன் வாட்சைக் கழற்றாமலே தப்பு அடித்திருக்கிறான். எங்கள் பக்கம் பிரேதம் எடுக்கிறவரை தப்பு நிற்கக் கூடாது, அடிக்கிறவனும் நின்ற இடத்தில் நிற்க மாட்டான், ஆடி ஆடித்தான் அடிப்பான். அவன் நெஞ்சு எப்படிப் போயிருக்கும்? அங்கே டியூட்டியில் நின்ற என் மகள், அப்பாவுடைய நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது, நிற்கவே இல்லை என்று பார்த்திருக்கிறாள். எனக்கு எடுத்தாள், கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தாள். கடைசியில் அம்மாவுக்கு எடுத்தாள்.

என் மனைவி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தபோது சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், வாசலில் தப்பு. இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பாப்பா, இப்பதான் தூக்குறாங்க, பொறவு பேசுறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். சாவு வீட்டில் வேறெப்படிப் பேசுவது?

சுடலைக்குப் போய்விட்டு வந்தவன் வீட்டுக்குள் நுழையும் முன் குளிக்க வேண்டும் அல்லவா. என் கூட்டாளி ஓடையில் இறங்கும்போது வாட்சைக் கழற்றிக் கல்லில் வைத்தான். அங்கே மகளுடைய போனில் அப்பாவுடைய துடிப்பு நின்றுபோனது.

நான் பல்லேகமவிலிருந்து திரும்பி மலையிலிருந்து இறங்கும்போது போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் அலறியது. எடுத்தால், மகளோடு வேலை செய்கிற ஒரு சிங்களப் பிள்ளை. யார் பேசுவது என்று கேட்டாள். நான்தான், அப்பா, என்றேன். உடனே அவள் அழுதாள். யாரோ பெற்ற பிள்ளை, நான் உயிரோடு இருப்பதற்காக அழுகிறது.

அவள்தான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். என் மகள் நடைபாதையில் துடைப்பத்தோடு விழுந்துவிட்டாள். இப்போது அவளையே ஒரு கட்டிலில் போட்டிருக்கிறார்கள். இது இன்றைக்கு வந்தது இல்லை மாமா, மாதக்கணக்காக அவள் தூங்குவதே இல்லை என்றாள். சாப்பிடும்போது போன். படுக்கும்போது தலைமாட்டில் போன். ராத்திரியில் எழுந்து எழுந்து அப்பாவுடைய நெஞ்சைப் பார்ப்பாளாம். துடிப்பு கூடினால் பயம். குறைந்தால் பயம். நன்றாக இருந்தால், எப்போது கெடுமோ என்று பயம். மேற்பார்வையாளர் இரண்டு தடவை போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார். அப்போதுதான் இன்னும் மோசமாம்.

நான் ரோட்டோரத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் குறட்டை விட்ட ராத்திரியில் எல்லாம் கூட்டாளியுடைய குறட்டைக்கு என் பிள்ளை காவல் இருந்திருக்கிறாள்.

இதற்கு யாரைத் திட்டுவது? என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு சாமானைச் செய்து, "இனிமேல் நிம்மதியாக இருக்கலாம்" என்று சொல்லி விற்கிறானே, அவன் யாருடைய நிம்மதியைச் சொல்கிறான்? ஒரு மனுஷனுடைய நெஞ்சு துடிப்பதை ஒரு நாளும் நிறுத்தாமல் இன்னொரு மனுஷருக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், பார்க்கிறவருக்கு என்ன ஆகும் என்று அவன் யோசித்தானா? டாக்டர்கூட மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், வீட்டுக்குப் போகவும் விடுகிறார்கள். என் மகளை யார் வீட்டுக்குப் போக விட்டது?

அவளுக்கு லீவு கொடுத்து அனுப்பினார்கள். திரும்ப எடுப்பார்களா என்று சொல்லவில்லை. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு நான் போய்க் கூட்டி வந்தேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று பார்த்தால், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலால் துடிப்பைத் தேடிக்கொண்டு.

வரும் வழியில் உண்மையைச் சொன்னேன். எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்த ஆள், அந்தக் கதையைச் சிரிப்பாகவே சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் பாத்துக்கிட்டு இருந்தது யாரோட தூக்கம்?"

"அவனோடது."

"மாமா நல்லாத் தூங்கினதுக்கா நான் கோயிலுக்கு நேந்துக்கிட்டேன்?"

மாத்தளை வரும்வரை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். உட்கார்ந்திருக்கும்போதே கை போனைத் தேடிப் போகும், அதில் இப்போது பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் போகும்.

"பாக்காட்டியும் பயமா இருக்கு, பாத்தாலும் பயமா இருக்குப்பா" என்றாள் ஒரு தடவை. அவளைச் சிரிக்க வைக்க நான் பகிடி ஒன்று தேடினேன். வரவில்லை.

கிளினிக் நாள் வந்ததும், நானும் வருகிறேன் என்றாள். அப்பாவைப் பற்றி டாக்டரிடம் நேரிலேயே கேட்க வேண்டுமாம். டாக்டர் என் கொப்பியைப் புரட்டினார், பிரஷர் பார்த்தார். "அப்பாவுக்குப் பரவாயில்ல. வயித்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்றார். என் வயிறு கவர்மெண்ட் வரைக்கும் பிரபலம். அடுத்த ஆளைக் கூப்பிடப் போனவர், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ், நீங்க கடைசியா எப்ப ஒழுங்காத் தூங்கினீங்க?"

நான் ஒண்ணுக்குப் போன கணக்குவரை தெரிந்து வைத்திருந்தவளுக்குத் தன்னுடையது தெரியவில்லை. டாக்டர் என் கையிலிருந்து கழற்றின பட்டியை அவள் கையில் சுற்றிக் காற்றடித்தார். பார்த்துவிட்டு இன்னொரு தடவை அடித்தார். என்னுடையதைவிட அவளுடையது கூட. பாதி வயதுகூட ஆகாத பிள்ளைக்கு. என் உடம்பைக் காப்பாற்ற வந்த வாட்ச், பிரஷரை என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் முன்னால் நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், வாட்சைத்தான். டாக்டர் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். அவளுக்கு மாத்திரை எழுதவில்லை. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அதற்குள் வேலைக்கு ஓடக் கூடாது, இப்படியே போனால் அப்பாவுக்கு முன்னால் உங்களைத்தான் வார்ட்டில் போட வேண்டி வரும் என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே வேலைதான். அவளைத் தூங்க விடுவது. நான் மேலே மேட்டிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு ஆட்டோவை வீடு வரைக்கும் சும்மா உருள விடுகிறேன். தெரு நாய்க்கு முன்கூட்டியே பாண் துண்டு போட்டு வாயை அடைக்கிறேன். முதலில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழுந்தாள். இப்போது கொஞ்சம் தேவலை. இதை நான் வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி எழுதும்போது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாள். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள், பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

அந்த வாட்ச் எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு கூத்துதான். போன ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். மகளுக்கு முன்னால் வர வெட்கப்பட்டு அடுப்படிப் பக்கமாக வந்தவன், என் மனைவியிடம் மாட்டிக்கொண்டான். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். "எங்க, காட்டுங்க அத" என்று ஈரக் கையாலேயே வாங்கி, அம்மிக்கு மேலே வைத்து, குழவியைத் தூக்கி...

"அப்பா."

மகள்தான், இப்போது உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள்.

"என்னா பாப்பா?"

"பசிக்குது. ரொட்டி ஏதும் இருக்கா?"

வந்ததிலிருந்து அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. அவளுடைய அம்மா தேயிலை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நிற்கிறாள். மாவு எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. "இருக்கு, இருக்கு, படுத்திரு, இப்ப சுட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். நான் எழும்புகிறேன்.